சார்ந்ததன் வண்ணம்

எந்தப் பொருளையும் வரையாமல் நிறத்தை நிறத்துக்காகவே பூசிப் பார்ப்பது அரூப ஓவியம். விற்பனையையோ பாராட்டையோ எண்ணாமல், ஓய்வு நேரத்தில் மகிழ்ச்சிக்காக மட்டும் ஒருவர் அதில் இறங்கும்போது ஒரு தத்துவக் கேள்வி எழுகிறது. பற்றிக்கொள்ள உருவமும் இல்லை, எட்ட வேண்டிய பயனும் இல்லை என்றால் மனம் எதைப் பற்றி நிற்கும்?

சைவ சித்தாந்தம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. உயிர் எதையும் சாராமல் தனித்து நிற்பதில்லை. எதைச் சார்கிறதோ அதன் தன்மையையே தனதாக்கிக்கொள்கிறது. இதை விளக்கச் சித்தாந்திகள் எடுத்துக்கொண்ட உவமை படிகம். சிவப்புப் பூவின் அருகே அது சிவக்கும், இருளில் இருண்டு கிடக்கும். தனக்கென்று நிறம் காட்டாது.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிவகிரி வட்டாரத்தில் படிகம் ஏட்டோடு நின்றுவிட்ட பொருள் அல்ல. பக்கத்துச் சங்கரன்கோவிலில், பாதி சிவனும் பாதி திருமாலுமாக நிற்கும் சங்கரநாராயணருக்கு அபிஷேகம் கிடையாது; அந்தச் சன்னதியில் உள்ள ஸ்படிக லிங்கத்துக்கே அபிஷேகம் நடக்கிறது. முகமும் கைகால்களும் இல்லாத லிங்கத் திருமேனியைச் சைவம் அருவுருவம் என்று வகுத்திருக்கிறது. ஐரோப்பாவில் அரூப ஓவியர் கண்டின்ஸ்கி கலையின் ஆன்மிகத்தைப் பற்றி நூல் எழுதியது 1911 வாக்கில். அரூபம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குபவர்கள், லிங்கத்தின் முன் தலைமுறை தலைமுறையாகக் கைகூப்பி நின்ற கண்களை மறந்துவிடுகிறார்கள்.

அக்ரிலிக் வண்ணம் இந்தச் சிந்தனைக்குப் பொருத்தமாக வாய்த்த பொருள். நீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவியர்கள் கைக்கு வந்தது 1950களில்தான். நிறத்தூளைப் பிடித்து வைத்திருக்கும் பாலிமர் குழம்பு ஈரத்தில் பால் போல் வெளுத்திருக்கும். நீர் ஆவியானதும் அதன் நுண்துளிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தெளிந்த படலமாகிவிடும். அதனால்தான் பூசும்போது வெளிறித் தெரிந்த நீலம் காய்ந்தபின் ஒரு படி அடர்ந்து நிற்கிறது. சிவகிரியின் கோடை வெயிலில் மெல்லிய பூச்சு காயச் சில நிமிடம் போதும். காய்ந்ததை நீர் விட்டு அழிக்க முடியாது. மேலே இன்னொரு பூச்சு பூசலாம், அவ்வளவே.

புதியவரின் கை இங்கேதான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. ஒன்றும் வரையப் போவதில்லை என்று தொடங்கிக் குறுக்கே இழுத்த நீலம் மேற்குத் தொடர்ச்சி மலையாகிவிடும். மலையடிவார ஊரில் தினமும் பார்த்த கோடு அது. மஞ்சள் வட்டமிட்டுச் சூரியனாகும். பிடிக்கவில்லை என்று ஈரத்தோடு ஈரமாகச் சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாவற்றையும் குழப்பினால் சேற்று நிறம்தான் மிஞ்சும். உருவத்தின் பிடி ஒருவழியாக விட்டால் ‘நான் போட்டது’ என்ற பிடி வந்து உட்காரும். சித்தாந்தம் ஆணவம் என்று சொல்வதை இவ்வளவு அருகில் காட்டும் பொழுதுபோக்கு குறைவு.

இந்தப் பிடி தளர்வதற்குக் காலம் பிடிக்கும். 2022இல் மறைந்த அரூப ஓவியர் அச்சுதன் கூடல்லூர் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்தவர். கலைக் கல்லூரியில் பட்டம் பெறாமல், மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலை நேரங்களில் தூரிகை பிடித்துப் பழகினார். முதலில் உருவங்களைத்தான் வரைந்தார். படிப்படியாக அவை கரைந்து நிறம் மட்டுமே நின்றது.

பயனில்லாத செயல் வீண் அல்லவா என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கம்பர் தம் காப்பியத்தின் முதல் பாட்டிலேயே படைத்தல், காத்தல், அழித்தலை இறைவனின் விளையாட்டு என்கிறார். பிரம்ம சூத்திரமும் படைப்பை லீலை என்கிறது. சித்தாந்தம் இதை ஏற்றாலும் ஒன்று சேர்க்கிறது: அவனுக்கு அது விளையாட்டுப் போல எளிது, ஆனால் நடப்பது உயிர்களின் மீட்சிக்காக. இறைவனுக்குக் குறை இல்லை, மனிதனுக்கு உண்டு. ஆகவே மனிதன் வண்ணத்தோடு விளையாடுவதை இறை விளையாட்டுக்கு நிகராக்குவது மிகை. தியானம், வழிபாடு என்று அதற்குப் பட்டம் சூட்டவும் வேண்டாம். தன் மனம் எதை எதைச் சார்ந்து ஓடுகிறது என்பதைக் கண்முன் பார்க்க அது உதவும். அந்த அளவுக்கு அது வீண் அல்ல.

தொடங்க நினைப்பவருக்கு மூன்று நிறமும் வெள்ளையும் ஓர் அட்டையும் போதும். முதல் படத்தை யாரிடமும் காட்டாமல் காய வைத்து, அதன் மேலேயே இரண்டாவதைப் பூசிப் பாருங்கள்.