கொள்ளையடிக்க ஒரு டிக்கெட்

அமெரிக்காவின் ஃப்ளோரிடா கடற்கரையிலோ மெக்சிகோவின் கான்கூனிலோ டிக்கெட் வாங்கினால் நீங்களும் கடல் கொள்ளைக்காரர் ஆகலாம், ஓரிரு மணி நேரத்துக்கு. பழங்காலக் கப்பல் மாதிரியே செய்த கப்பல். மேலே மண்டையோட்டுக் கொடி, கீழே எஞ்சின். குழந்தைகளுக்கு மை மீசை, தண்ணீர்த் துப்பாக்கி. பெரியவர்களுக்கு ரம்.

விளையாட்டுதானே, இதில் என்ன தப்பு என்பீர்கள். சரி, இதைக் கேளுங்கள். 2010-ல் சோமாலியக் கொள்ளையர்கள் 'அஸ்ஃபால்ட் வென்ச்சர்' என்ற கப்பலைக் கடத்தினார்கள். 2011-ல் பணம் வந்ததும் கப்பலை விட்டார்கள். இந்திய மாலுமிகள் ஏழு பேரை மட்டும் விடவில்லை. அவர்கள் விடுதலையாக 2014 அக்டோபர் ஆயிற்று. அதே மாதிரி ஒரு கப்பல் செய்து, 'பிணைக்கைதி விளையாட்டு, டின்னருடன்' என்று விளம்பரம் வந்தால் குடும்பத்தோடு போவீர்களா?

"அது நேத்து நடந்தது சார். இது முந்நூறு வருஷப் பழசு!"

அப்படியானால் காலம் எல்லாவற்றையும் கழுவிவிடுமா? 'விடா' என்ற கப்பல் அடிமை வியாபாரத்துக்கென்றே கட்டப்பட்டது. ஆப்பிரிக்கர்களைக் கொண்டுபோய் விற்றுவிட்டுத் திரும்பும்போது, 1717-ல் சாம் பெல்லமி என்ற கொள்ளையன் அதைப் பிடித்தான். இரண்டே மாதத்தில் கேப் காட் அருகே புயலில் மூழ்கியது. 1984-ல் கண்டுபிடித்தார்கள். அதை வைத்து ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் கொள்ளையர் மியூசியம் கட்டத் திட்டம் போட்டார்கள். டாம்பா சாதாரண ஊரல்ல. கொள்ளையர் வேஷம் கட்டி விழா எடுக்கும் வழக்கம் அங்கே 1904-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் அந்த ஊர்க் கறுப்பின மக்கள் எதிர்த்தார்கள். அடிமைகளை அடைத்துக் கொண்டுபோன கப்பலை வேடிக்கைப் பொருளாக்குவதா என்று கேட்டார்கள். 1993-ல் திட்டம் கைவிடப்பட்டது.

276 வருஷம் போதவில்லை, பாருங்கள். ஆக, ஒரு குற்றம் விளையாட்டாவது வருஷக் கணக்கால் அல்ல. 'இது எங்கள் வலி' என்று சொல்ல ஆள் இல்லாமல் போகும்போதுதான். கொள்ளை போன சரக்குக் கப்பலின் மாலுமிக்கு அப்படி யாரும் மிஞ்சவில்லை. கொள்ளைக்காரன் பிளாக்பியர்டுக்குப் பெயர் இருக்கிறது, தாடி இருக்கிறது, சினிமா இருக்கிறது.

கொள்ளையர்கள் வோட்டுப் போட்டுக் கேப்டனைத் தேர்ந்தெடுத்தார்கள், கிடைத்ததை ஒழுங்காகப் பங்கு பிரித்தார்கள் என்று புகழ்வார்கள். பல கப்பல்களில் அது நடந்ததும் உண்மைதான். ஆனால், பிரித்தது யார் வீட்டுப் பொருளை?

அதற்காகக் குழந்தையின் மீசையை அழிக்க வேண்டாம். ஆசைதீர விளையாடட்டும். திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நீங்க கொள்ளையடிச்சீங்களே, அந்தக் கப்பல்ல யாருடா இருந்தாங்க?"

குழந்தை யோசிக்கும். நீங்களும் கூடவே யோசியுங்கள்.