பறந்து போனவளும் நின்று காத்தவர்களும்

மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரையோரமாக மேற்கே நடந்து, மலை ஏறி, ஒரு வேங்கை மரத்தின் நிழலில் நின்றாள். பதினான்கு நாள் கழிந்தபின் கோவலன் வந்தான். இருவரும் வான ஊர்தியில் ஏறிப் போய்விட்டார்கள். சிலப்பதிகாரத்தில் அந்தக் காட்சியை இளங்கோ அதிகம் வளர்க்கவில்லை. அடுத்து வரும் வஞ்சிக் காண்டத்தைக் குன்றக்குரவையில் தொடங்குகிறார். போனவளை விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டு நின்ற குறவர்களிடம் கதை திரும்பிவிடுகிறது. இவள் நம் தெய்வம் என்று தீர்மானிக்கிறவர்கள் அவர்கள்; பறை முழக்கிப் பூத் தூவிக் குரவை ஆடுகிறவர்கள் அவர்கள்; சேரன் செங்குட்டுவனிடம் போய்ச் செய்தி சொல்கிறவர்களும் அவர்கள்தான். அவள் சிலைக்காகச் செங்குட்டுவன் கொண்டுவந்த இமயத்துக் கல்லும் கோயிலும் அதற்குப் பிறகு வந்தவை. ஒரு மலை எதனால் புனிதமாகிறது என்ற கேள்விக்கு இந்த வரிசையிலேயே விடை இருப்பதாக நினைக்கிறேன். ஒருத்தி அங்கிருந்து மேலே போனது ஒரு நாள் நிகழ்ச்சி. அந்த இடத்தை விட்டுப் போகாமல் நின்று, அதைப் பேணியவர்கள்தான் அதைப் புனிதமாக்கினார்கள்.

இந்தப் பழைய கதை இன்று வேறொரு காரணத்தால் நமக்கு வேண்டியிருக்கிறது. அதே மேற்குத் தொடர்ச்சி மலையில் மனிதர்கள் இப்போது உண்மையாகவே பறக்கிறார்கள். இடுக்கி மாவட்டத்தில், பீர்மேட்டுக்கு வடக்கே, கோட்டயம் மாவட்ட எல்லையை ஒட்டி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வாகமண். அங்கே கோலாகலமேட்டின் மொட்டைக் குன்றுகள் பாராகிளைடிங்குக்குப் பெயர்பெற்றவை. கேரள அரசின் சாகசச் சுற்றுலா அமைப்பு மார்ச் மாதங்களில் அங்கே பன்னாட்டு விழா நடத்துகிறது. பல நாட்டுப் பைலட்டுகள் வருகிறார்கள். பறக்கத் தெரியாதவர்களும் டேண்டம் என்னும் இருவர் பயணத்தில் கட்டணம் கட்டி மேலே போய் வருகிறார்கள். அதே வாகமண்ணில்தான் தங்ஙள்பாறையும் முருகன்மலையும் குரிசுமலையும் இருக்கின்றன. ஒன்றில் ஓர் இஸ்லாமியப் பெரியவரின் அடக்கத்தலம், ஒன்றில் குமரன் கோயில், ஒன்றில் புனித வெள்ளியன்று மக்கள் திரளாக ஏறும் சிலுவைப்பாதை. மூன்று சமயத்தாரும் கும்பிடும் குன்றுகளுக்கு நடுவே இறக்கையை விரித்து ஓடுகிறவர் அந்த மலைக்கு எதையாவது கடன்பட்டிருக்கிறாரா? பட்டிருக்கிறார், அந்தக் கடனைக் காசாகக் கொடுத்துத் தீர்க்க முடியாது என்பது என் கட்சி.

பறக்கும் மேட்டைப் பேணுவது என்றால் என்ன வேலை என்று தெரியாதவர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பாராகிளைடரின் துணியிலிருந்து பைலட்டின் இடுப்புக்கட்டுக்கு வருபவை மெல்லிய கயிறுகள், பலவும் நூல் பருமன். சரிவில் துணியைப் பிறைபோல் விரித்துப் போட்டதும் அவை புல்லுக்குள் படுத்துவிடும். வெட்டிய புதரின் விரற்கடை உயரக் குத்து ஒன்று தரையில் மிச்சமிருந்தால் போதும், ஒரு கயிறு அதில் மாட்டிக்கொள்ளும். காற்று நிரம்பித் துணி தலைக்கு மேல் எழும்போது ஒரு பக்கம் இழுபட்டுச் சரியும். பைலட்டோ அதற்குள் நாலடி ஓடியிருப்பார். அதனால்தான் புல்லை ஓர் அளவில் வைத்திருப்பதும், கல் பொறுக்குவதும், முள்ளை வேரோடு எடுப்பதும், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கிழிந்தால் மாற்றுவதும், யாரோ போட்டுவிட்டுப் போன பிளாஸ்டிக்கைக் கீழே சுமந்து வருவதும் பறத்தலின் பாதி வேலை. புல்லை அடியோடு வழித்துவிடவும் கூடாது. இடுக்கியின் தென்மேற்குப் பருவமழை வெற்று மண்ணைச் சும்மா விடாது.

இப்படிப்பட்ட வேலைக்குத் தமிழ்ச் சமயத்தில் பெயரும் பெருமையும் ஏற்கெனவே உண்டு. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் என்னும் திருநாவுக்கரசர் கையில் புல் செதுக்கும் உழவாரப்படையோடுதான் ஊர் ஊராகப் போனார். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்குவதையும் பாதையைச் செப்பனிடுவதையும் அவர் வழிபாட்டுக்கு முன் முடிக்கவேண்டிய எடுபிடியாக நினைக்கவில்லை, வழிபாடே அதுதான். இன்றைக்கும் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணிக் குழுக்கள் மதிலில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கின்றன. குரிசுமலையிலும் இதைப் பார்க்கலாம். பெல்ஜியத்திலிருந்து வந்த பிரான்சிஸ் ஆச்சார்யாவும் ஆங்கிலேயரான பீட் கிரிஃபித்ஸும் 1958இல் அங்கே ஆசிரமம் தொடங்கினார்கள். கிரிஃபித்ஸ் 1968இல் குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளிச் சாந்திவனத்துக்கு வந்துவிட்டார். ஆச்சார்யா 2002இல் இறக்கும்வரை மலையைவிட்டுப் போகவில்லை. காவி உடுத்திச் சிரிய வழிபாட்டு முறையில் ஜெபித்த அந்தத் துறவிகள் புல் வளர்த்தார்கள், மாடு வளர்த்தார்கள், பால் கறந்தார்கள். அப்பருக்கும் ஆச்சார்யாவுக்கும் இடையே ஆயிரத்து முந்நூறு ஆண்டும் இரண்டு சமயமும் இருக்கின்றன. ஆனாலும் ஓர் இடத்தோடு உறவு கொள்ளும் வழி அதன் மண்ணில் குனிந்து வேலை செய்வது என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை.

குனிவதோடு கடமை முடியவில்லை. விலகி நிற்கவும் தெரிய வேண்டும். காற்றில் பறப்பவர்களிடையே காவலர் இல்லாமலே நடக்கும் சில நெறிகள் உண்டு. சரிவை ஒட்டி இருவர் எதிரெதிரே வந்தால், மலை யாருடைய வலப்புறம் இருக்கிறதோ அவருக்கு வழி. மற்றவர் மலையைவிட்டு வெளியே விலக வேண்டும், ஏனெனில் விலக இடம் அவரிடம்தான் இருக்கிறது. வெப்பக் காற்றெழுச்சி ஒன்றுக்குள் முதலில் நுழைந்தவர் எந்தப் பக்கம் சுற்றுகிறாரோ, பின்னால் வருகிற எல்லோரும் அந்தப் பக்கமே சுற்ற வேண்டும், அவர் கற்றுக்குட்டியாக இருந்தாலும் சரி. தரையிலும் இதே விலகல் தேவைப்படுகிறது. பிரிட்டனில் குன்றுகளைப் பண்ணைக்காரர்களிடம் கேட்டுத்தான் சங்கங்கள் பயன்படுத்துகின்றன. ஆடு குட்டி போடும் பருவத்தில் பல குன்றுகளில் பறப்பதை நிறுத்திவைக்கிறார்கள். இமாச்சலப் பிரதேசத்தில் மழைக்காலத்தில் ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பாராகிளைடிங்குக்குத் தடை. இடுக்கியிலேயே, ஆனைமுடியைத் தன்னுள் கொண்ட இரவிகுளம் தேசியப் பூங்கா வரையாடு குட்டி ஈனும் மாதங்களில் பார்வையாளருக்கு மூடப்படுகிறது. தன் விருப்பத்தை ஒரு பருவத்துக்கு மடக்கி வைப்பதை நம் ஊரில் விரதம் என்போம். காரணம் தெய்வமாக இல்லாமல் ஓர் ஆட்டுக்குட்டியாக இருப்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

இந்த இரண்டு கடமையும் ஒரே நாளில் ஒரே மலையில் தெரிய வேண்டுமானால் குமுளிக்கு மேலே மங்கலதேவிக்குத்தான் போக வேண்டும். கண்ணகி நின்ற இடம் என்று மக்கள் நம்பும் அந்தக் கற்கோயில் 1,300 மீட்டருக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள், இரு மாநில எல்லையில் சிதைந்து நிற்கிறது. ஆண்டில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள்தான் மக்களுக்கு வழி திறக்கிறது. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முன்கூட்டியே கூடிப் பேசுகின்றன, பிளாஸ்டிக்குக்கு இடமில்லை, கம்பம் பக்கத்தார் பளியங்குடி வழியாகக் காட்டில் நடந்து ஏறுகிறார்கள், குமுளிப் பக்கத்தார் ஜீப்பில் போகிறார்கள், இருட்டுமுன் எல்லோரும் இறங்கிவிட வேண்டும். கோயில் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு தீராமல் கிடக்கிறது. ஆனால் மீதி நாட்களெல்லாம் காடு காடாகவே இருக்கிறது. அந்தக் காட்டில் இலவங்கப் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்துப் பிழைத்தவர்கள் 1990களின் இறுதியில் வனத்துறையோடு சேர்ந்து வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். வசந்த சேனா என்ற பெயரில் அப்பகுதிப் பெண்கள் கூலி வாங்காமல் முறை வைத்துக் காட்டைச் சுற்றிப் பார்த்து வருகிறார்கள். சிலம்பின் குறவர்களுக்கு இன்று வாரிசு யார் என்று கேட்டால் நான் இவர்களைத்தான் சொல்வேன்.

மறுப்புகள் வரும். விளையாட்டை வழிபாட்டோடு சேர்த்து வைத்தால் சமயம் மலிந்துபோகும் என்று பக்தர்கள் சொல்லலாம். பறப்பது பிரார்த்தனை என்று நான் சொல்லவில்லை. வானத்தில் கிடைக்கும் பரவசத்தை ஆன்மிகம் என்று விற்கும் விளம்பரங்கள் எனக்கும் உடன்பாடில்லை. இமயமோ இடுக்கியோ, உயரத்தில் மெய்சிலிர்ப்பது யாருக்கும் நடக்கக்கூடியது, அதனால் யாரும் நல்லவராகிவிடுவதில்லை. நான் ஒப்பிடுவது பரவசத்தை அல்ல, கடமையை. பக்தியும் தானாகவே இடத்தைக் காத்துவிடும் என்று சொல்ல முடியாது. சபரிமலையையும் பம்பையையும் குப்பையிலிருந்து மீட்க 2011இல் கேரளக் காவல்துறையின் முயற்சியில் ‘புண்ணியம் பூங்காவனம்’ என்ற தனி இயக்கமே தொடங்கவேண்டி வந்தது. விரதமிருந்து, இருமுடி சுமந்து வந்தவர்களும் பாட்டிலை வீசிவிட்டுத்தான் போனார்கள். ஆக, கும்பிட வருகிறவர் உயர்ந்தவர், பறக்க வருகிறவர் தாழ்ந்தவர் என்று வந்த காரணத்தை வைத்துப் பிரிக்க வழியில்லை.

காற்று யாருக்கும் சொந்தமில்லை, மலையோ அரசு நிலம், கட்டணமும் கட்டியாகிவிட்டது, பிறகென்ன கடன் என்று கேட்பவர்களும் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்திருப்பதால்தான் அங்கே காற்று அவ்வளவு வேகமாகப் புகுந்து வருகிறது. கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் அந்த வேகத்தை நம்பி நிற்கின்றன. கோலாகலமேட்டிலும் அப்படித்தான். கடலிலிருந்து வரும் காற்று சரிவில் முட்டி மேல்நோக்கித் திரும்புவதால்தான் இறக்கை எழுகிறது. பைலட் பறப்பது வெறுங்காற்றில் அல்ல. மலை திருப்பிவிட்ட காற்றில். அந்தச் சரிவைக் குடைந்து விடுதி கட்டி, வண்டி விட்டுப் புல்லைத் தேய்த்தால் பறக்கும் தரை போகும். கட்டணம் என்பது பைலட்டின் உழைப்புக்கும் கருவிக்கும் கொடுக்கும் விலை. பல தலைமுறை மாடு மேய்த்தும் புல் வளர்த்தும் மொட்டையாகவே வைத்திருந்த குன்றுக்கு அதில் பங்கு மிகக் குறைவு.

மூன்றாவது மறுப்புக்கு என்னால் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். ‘புனிதம்’, ‘பாதுகாப்பு’ என்ற சொற்கள் ஏழைகளை மலையிலிருந்து விலக்கவே பயன்பட்டிருக்கின்றன. இலட்சக்கணக்கில் விலையுள்ள இறக்கை வைத்திருப்பவர் மலையின் காவலர் வேடம் போட்டால், அங்கேயே பிறந்தவர் அத்துமீறுபவர் ஆகிவிடுவார் என்பது அந்த மறுப்பு. இது வெறும் கற்பனை அச்சமில்லை. பீர்மேட்டிலிருந்து மூணாறு வரை தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். தலைமுறைகள் கடந்தும் அவர்கள் லயங்கள் என்னும் வரிசை வீடுகளில்தான் இருக்கிறார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. அவர்கள் தோட்டத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும். அடுத்த ஆண்டு அக்டோபரில், வாகமண்ணிலிருந்து அதிகத் தொலைவில்லாத கொக்கயாரிலும் கூட்டிக்கலிலும் சரிவுகள் இடிந்து உயிர்கள் போயின. மலை இவர்களுக்கு அழகோ சாகசமோ அல்ல, தலைக்கு மேல் நிற்கும் மண். இந்த மறுப்பின் நியாயத்தை ஏற்றுக்கொண்டுதான் மேலே பேச முடியும். ஏற்றுக்கொண்டால் கிடைப்பது, வெளியாரின் கடமை குறைகிறது என்ற முடிவல்ல. கடமையின் வரிசை திருந்துகிறது. மலையில் தங்கியிருப்பவரிடம் கேட்டுத்தான் வந்துபோகிறவர் விதி செய்ய வேண்டும். எந்த மாதம் மூடுவது, எங்கே வண்டி நிறுத்துவது, எவ்வளவு பேரை ஏற்றுவது என்பதில் முதல் சொல் அவர்களுடையதாக இருக்க வேண்டும். மங்கலதேவியிலும் பெரியாற்றிலும் விதி ஓரளவு மதிக்கப்படுவதற்குக் காரணம், அதைக் காப்பவர்களில் அந்த ஊர்க்காரர்களும் இருப்பதுதான்.

கோலாகலமேட்டில் 2023இல் கண்ணாடிப் பாலம் வந்தபின் கூட்டம் பெருகியிருக்கிறது. பாலத்தில் நின்று படமெடுப்பவரிடமும் பதினைந்து நிமிடம் டேண்டத்தில் போய் இறங்குபவரிடமும் உழவாரம் பிடிக்கச் சொல்ல முடியாது. அவர்களால் முடிந்தது கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோவது. ஆனால் ஆண்டுதோறும் அந்தச் சரிவைத் தேடி வருகிற பைலட்டுகள் விருந்தாளி என்ற நிலையைத் தாண்டியவர்கள். மார்ச் விழாவுக்கு முந்தைய இரண்டு நாட்களை மேட்டுப் பணிக்கென்று ஒதுக்கி, அதில் இறங்கி வேலை செய்தவர்களின் பெயரை மட்டும் போட்டியில் சேர்ப்பது என்று விழா நடத்துகிறவர்கள் முடிவு செய்யலாம். பரிசுப் பணத்தில் ஒரு பங்கைக் காற்றுப்பைக்கும் குப்பை வண்டிக்கும், பக்கத்து லயங்களில் மழைக்கால எச்சரிக்கைக் கருவிகளுக்கும் எடுத்து வைக்கலாம். எந்தப் புல்லை அறுக்கலாம், எதை மழை வரும்வரை விட்டுவைக்க வேண்டும் என்பதை அங்கே மாடு மேய்க்கிறவர் வந்து காட்டட்டும். அந்த இரண்டு நாளுக்கு அவருக்குத் தினக்கூலியும் கொடுக்க வேண்டும்.