காவல் நிற்போர்

ஒரு செயல் செம்மையாக முடிந்தது என்பதற்கு, அதை எவரும் கவனிக்கவில்லை என்பதே சான்றாகுமானால், அச்செயலைச் செய்தவனுக்கு உலகம் பட்டுள்ள கடன் யாது? நெடுநாளாக நம்மை உறுத்திவரும் இவ்வினாவை நம்முள் எழுப்பியது அறநூல் எதுவுமன்று, கபடி ஆட்டமே.

2014-ஆம் ஆண்டு ஒர்லி உள்ளரங்கில் புரோ கபடிப் போட்டிகள் தொடங்கியபோது, தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர் பலர் யு மும்பா அணியைத் தம் அணியாகவே வரித்துக்கொண்டனர். அவ்வணியின் காவலில் ஜீவா குமார் என்னும் தமிழர் நின்றார். மறு ஆண்டே அணி வாகை சூடியது. பாடிச் சென்று புள்ளி குவித்த தலைவர் அனூப் குமாரின் பெயர் மாதுங்காச் சிறுவர்களுக்கு மனப்பாடம். ஜீவா குமாரின் பெயரைக் கேட்டால் தமிழ்ச் சிறுவனே சற்றுத் தயங்குவான்.

எழுவர் கைகோத்து நிற்கின்றனர். எதிரணியிலிருந்து ஒருவர் பாடி வருகிறார். அவருக்கு உள்ளது 30 நொடி. தொட்டு மீண்டால் அவருக்குப் புள்ளி. மடக்கிப் பிடித்தால் இவர்களுக்குப் புள்ளி. இரண்டுமின்றி அவர் வெறுங்கையோடு திரும்பினால்? பலகையில் எண் மாறுவதில்லை; கூட்டமும் ஆர்ப்பரிப்பதில்லை. ஆனால் அவ்வெறுமை தானாக விளைந்ததன்று. வரிசையின் ஓரத்தில் நின்றவர் அரை அடி முன்வைத்து, உரிய கணத்தில் பின்வாங்கியதால் விளைந்தது. இருமுறை தொடர்ந்து வெறுங்கையோடு அனுப்பிவிட்டால், மூன்றாம் முறை வருபவர் புள்ளி எடுத்தே தீரவேண்டும், இன்றேல் வெளியேற வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. இவ்விதியை வகுத்தவர் அறிந்தோ அறியாமலோ காவலுக்கு ஒரு நீதி செய்துவிட்டார் என்றே நாம் கருதுகிறோம்.

தஞ்சை மண்ணின் தர்மராஜ் சேரலாதனை எடுத்துக்கொள்வோம். 1975-இல் பிறந்தவர். பிறர் ஓய்வு பெறும் வயதில், 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை ஏற்றுக் கோப்பை வென்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஆமதாபாத்தில் உலகக்கோப்பை வென்ற இந்திய அணியிலும் இடம்பெற்றார். இறுதியாட்டத்தின் பாதியில் ஈரான் 18-13 என முந்தியிருந்தது. முடிவில் இந்தியா 38-29 என வென்றது. அன்று பாடிச் சென்று 12 புள்ளி எடுத்த அஜய் தாக்கூரை நாடே கொண்டாடியது. கொண்டாடியது தவறன்று. 2018-இல் சேரலாதன் நம் மும்பைக்கே ஆட வந்தார். நாற்பத்து மூன்று வயதில், தம் வயதில் பாதியினரோடு கைகோத்து நின்றார்.

அமெரிக்கக் காற்பந்தில் இந்நிலை இன்னும் கடுமை. பந்தெறிபவரைக் காக்க ஐவர் மலைபோல் முன்னே நிற்பர். எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமையும் பொதுவாக அவர்களுக்கு இல்லை. ஒருவர் விதி மீறி எதிரியைப் பற்றிவிட்டால் மட்டும், நடுவர் அவரது எண்ணை ஒலிபெருக்கியில் அறிவிப்பார். அரங்கமே அவரை அறிந்துகொள்ளும் கணம் அதுதான்!

பலன் கருதாது கடமை ஆற்றுவதே மேன்மை என்பர். அவ்வுரை உழைப்பவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அறம். அவன் உழைப்பில் நிழல் காய்பவன் சொல்லும்போது அது கடனை மறைக்கும் தந்திரம் என்றே நமக்குத் தோன்றுகிறது. நாமும் இருபது ஆண்டுகளாக ஓய்வூதியக் கோப்புகளைச் சரிபார்த்து வருகிறோம். பிழையின்றிச் சென்ற கோப்பைப் பற்றி ஒரு சொல்லும் வந்ததில்லை. ஒருமுறை ஓர் இலக்கம் இடம் மாறியதற்கு வந்த விளக்கக் கடிதம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இம்மனக்குறையை எழுதத் தொடங்கியபோதுதான் நம்மை ஈன்ற அன்னையார் நினைவுக்கு வந்தார். தாராவியில் நாம் வளர்ந்த நாளில், விடியுமுன்னரே குடங்களோடு குழாயடியில் நிற்பார். நாம் குளித்து, நேரம் தவறாது பள்ளி சென்றோம். ஆண்டு விழாவில் பரிசு பெற்று மேடையில் ஆசிரியர்களுக்கு நன்றி கூறினோம். வீட்டில் தண்ணீர் இருந்தது என்பது ஒரு செய்தியாகவே நமக்குப் படவில்லை. ஒருநாள் காலை குடங்கள் வெறுமையாகக் கிடந்தன. "ஏனம்மா தண்ணீர் பிடிக்கவில்லை?" என்று சினந்து கேட்டோம். காய்ச்சலில் கிடந்த அவர் பதிலொன்றும் கூறாமல், போர்வையை விலக்கி எழ முயன்றார்.