அணையும் ஊத்தாவும்

கொல்லாமை பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தட்டில் இருப்பதை வைத்தே பேசுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் இது இன்னும் சுலபம். தெற்கே காவேரி, வடக்கே கொள்ளிடம். நடுவில் எங்கள் தெருவில் மீன் என்பது மச்சாவதாரத்தோடு சரி. நானும் மீன் தின்னாதவன். என் சந்தேகம் சோற்றைப் பற்றியது.

ஊத்தா என்று ஒன்று உண்டு. மூங்கில் சிம்புகளால் முடைந்த அடியில்லாத கூடை. கீழே அகலம், மேலே கை நுழையும் வாய். முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே சட்டென்று சேற்றில் கவிழ்த்து அழுத்த வேண்டும். உள்ளே ஏதாவது துள்ளினால் மேல்வாய் வழியே கைவிட்டு எடுப்பது. ஆழம் கூடினால் அதற்கு வேலை இல்லை. ஆப்பிரிக்க நதிகளிலும் ஏறக்குறைய இதே கூடை உண்டு. பறி வேறு ஜாதி. வாய்க்கால் மடையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காங்கோ அருவிகளில் வாகேனியா மக்கள் மரக்கால்கள் நட்டு நீரோட்டத்தில் இறக்கும் ராட்சசக் கூம்புகள் பறியின் பெரிய உறவு. கொல்லும் நேரத்தில் கொல்பவன் அங்கே இல்லை என்ற சௌகரியம் பறியிலேயே ஆரம்பித்துவிட்டது.

1897ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டம் தண்ணீரில் வெடி போடுவதையும் விஷம் கலப்பதையும் தடுத்தது. நியாயம்தான். கூடவே வலைக்கண்ணின் அளவு, நிலைப்பொறி, ஆற்றுத் தடுப்பு இவற்றுக்கு விதி செய்யவும் அதிகாரம் தந்தது. தடுப்பு என்று அது மனதில் வைத்தது ஒரு வெள்ளத்துக்குத் தாங்காத மூங்கில் படலைத்தான் என்று வாசிக்கிறேன். ஏனெனில் 1836லேயே ஆர்தர் காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைத் தொடங்கியாயிற்று. கீழே அணைக்கரையில் இன்னொன்று. காவேரியின் படுகை மேடிட்டு, தண்ணீர் பள்ளமான கொள்ளிடத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. அணை வந்தது, தஞ்சாவூர் நெல் பிழைத்தது.

உல்லம் கடல் மீன். முட்டையிட வெள்ளத்தை எதிர்த்து ஆற்றில் ஏறும். சுவரில் முட்டிய உல்லம் சாகவேண்டும் என்பதில்லை. அதன் சந்ததி பிறக்காமல் போகும், அவ்வளவே. பிறக்காததைக் கொன்றதாக யார்மேல் வழக்குப் போடுவது?

மலைக்கோட்டைக் குன்றில் சமணப் படுக்கைகள் இருக்கின்றன. ஜைன தத்துவம் ஹிம்சையை வரையறுக்கும்போது பிரமாதத்தை முன்னால் வைக்கிறது. நாம் கச்சேரியில் சொல்லும் பிரமாதம் அல்ல. மூலத்தில் அதற்கு அஜாக்கிரதை என்று அர்த்தம். இந்தக் கணக்கில் காட்டனைக்கூட விட்டுவிடலாம், அவர் கண் தண்ணீரில் இருந்தது. ஆனால் 1873இல் பிரான்சிஸ் டே நன்னீர் மீன்கள் பற்றிய அறிக்கையில், சின்னக் கண் வலைகளோடு அணைகளையும் குற்றவாளியாக நிறுத்தினார். மீன் ஏற வழி விடவேண்டும் என்றார். அதற்குப் பின் அறியாமை என்று சொல்ல முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழணையில் உல்லக் குஞ்சு பொரிக்க முயன்றதே, அரசாங்கத்துக்கு விஷயம் தெரியும் என்பதற்குச் சாட்சி. தெரிந்துதான் 1934இல் மேட்டூர் முடிந்தது. அத்தோடு காவேரி உல்லத்தின் கதையும் ஏறக்குறைய முடிந்தது.

ஊத்தாக்காரன் தன் கையில் துள்ளியதை எண்ணிச் சொல்லிவிடுவான். என் சோற்றில் எத்தனை என்று எனக்கு எண்ண வராது. சோறு வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். டெல்டாவின் பசியை வைத்துக்கொண்டு யாரும் சொல்லமுடியாது. சுத்தம் என்ற சொல்லை மட்டும் என் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூசுகிறது.

2018 ஆகஸ்டில் மேலணையின் 9 ஷட்டர்கள் வெள்ளத்தில் போயின. கொஞ்ச நாளைக்குச் சுவரில் ஓட்டை இருந்தது. எங்கள் தெருவில் ஒரே பேச்சு, சம்பாவுக்குத் தண்ணீர் நிற்குமா என்பதுதான்.