தீர்த்தம் எதை நீக்குகிறது?

சைவம், வைணவம் ஆகிய இரு மரபுகளும் ஒரு வழிபாட்டிடத்தின் பெருமையை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றைக் கொண்டே அளக்கின்றன. எழுந்தருளியிருக்கும் இறைவடிவம் மூர்த்தி. அது உறையும் நிலம் தலம். அந்நிலத்தைச் சார்ந்து நின்று, மூழ்குவோரின் பிணியையும் வினையையும் தீர்ப்பதாகக் கொள்ளப்படும் ஆறோ குளமோ கடல்துறையோ தீர்த்தம். பிணி தீர்க்கும் ஆற்றல் நீருக்கே உரியதா, அல்லது மூழ்குபவரிடம் நிகழும் ஒரு மாற்றத்துக்கு நீர் இடம் தருகிறதா என்னும் வினா மிகப் பழையது. அதை ஆராய்வதற்குக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாகக் கிடக்கும் திருவரங்கத்தையும் திருவானைக்காவையும், தென்கரையில் எழுந்து நிற்கும் மலைக்கோட்டையையும் விடப் பொருத்தமான களம் அரிது. திருவானைக்காவில் நீரே இறைவடிவம். ஐம்பூதத் தலங்களுள் அது நீருக்குரிய அப்புத்தலம். அகிலாண்டேசுவரி காவிரி நீரைத் திரட்டி இலிங்கமாக்கி வழிபட்டாள் என்று தலபுராணம் கூற, கருவறையில் இன்றும் நீர் கசிகிறது.

திருவரங்கம் கோயிலினுள் அமைந்த சந்திர புட்கரணியின் கதை நேரடியாகவே நோய் தீர்ந்த கதையாகும். தக்கனின் சாபத்தால் நாள்தோறும் தேய்ந்துவந்த சந்திரன் இக்குளக்கரையில் தவம் இருந்து நலம் பெற்றான் என்பதால் குளம் அவன் பெயரைப் பெற்றது. இதனை நடுவே வைத்து, வில்வம், நாவல், அரசு, புன்னை, மகிழ், கடம்பு முதலிய மரங்களின் பெயரால் எட்டுத் தீர்த்தங்கள் சூழ்ந்திருப்பதாக மரபு வகுத்துள்ளது. இக்கதையில் ஊன்றிக் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. நலம் பெற்ற பின்னரும் சந்திரன் தேயாமல் இருப்பதில்லை; தேய்ந்து மீண்டும் வளர்கிறான். ஆகவே இத்தீர்த்தம் அளித்தது நோயே அணுகாத உடலை அன்று. தேய்வு முடிவாகிவிடாது என்னும் உறுதியையே அது அளித்தது. தீர்த்தத்தில் மூழ்கியும் நோய் போகவில்லையே என்று வருந்துவோருக்கு அந்தக் கதையிலேயே ஆறுதல் இருக்கிறது.

துலா மாதம் எனப்படும் ஐப்பசியில் எல்லாப் புண்ணிய நீர்களும் காவிரியில் வந்து சேர்கின்றன என்பது நம்பிக்கை. மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடத்தில் வரும் திருவரங்கப் பெருமாளின் திருமஞ்சன நீர், அம்மாதத்தில் மட்டும் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து தங்கக் குடத்தில் யானைமேல் வருகிறது. அதே படித்துறையில் நீராட வருபவர் உடனே மூழ்கிவிடுவதில்லை. விரலில் தருப்பைப் பவித்திரம் அணிந்து, இடக்கைமேல் வலக்கையை வைத்து, ஆண்டு, அயனம், மாதம், திதி, விண்மீன், நிற்கும் ஆற்றங்கரை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லி, தாம் செய்த தீவினைகள் தேய்வதற்காக நீராடுவதாக அறிவித்த பிறகே அவர் படியிறங்குகிறார். சங்கற்பம் எனப்படும் இந்த அறிவிப்பு, குளியலை நீராட்டிலிருந்து பிரிக்கிறது. குற்றம் தம்முடையது என ஒருவர் வாய்திறந்து ஒப்புக்கொள்வதில்தான் தீர்த்தத்தின் வேலை தொடங்குகிறது. நீர் அதன் பிறகே வருகிறது.

இம்மனநிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. அவாயித் தீவுகளில், ஒனலுலு நகரின் வைக்கீக்கி கடற்கரையில் கவேகேவேகே என்றொரு துறை உண்டு. நீக்குதல் என்பது அப்பெயரின் பொருள். முன்னாளில் நோயுற்றோர் லிமு காலா என்னும் கடற்பாசியை மாலையாகக் கோத்து அணிந்து அங்கே மூழ்குவர். தம் பிழைகள் பொறுக்கப்பட வேண்டும் என்னும் வேண்டுதலாக அந்த மாலையை நீரிலேயே விட்டுவிட்டு எழுவர். ஆடிப்பெருக்கன்று புதுமணத் தம்பதியர் தம் மணமாலைகளைக் காவிரியில் விடும் வழக்கத்தை அறிந்தவருக்கு அந்த மக்களின் செயல் அயலாகத் தோன்றாது. ஒன்று பிழை பொறுக்க வேண்டியும் மற்றொன்று வாழ்வு செழிக்க வேண்டியும் செய்யப்படுவது உண்மையே. எனினும் இரண்டிலும் கையிலிருப்பதை விடுபவர் மனிதர், ஏற்பது நீர்.

நீரின் ஆற்றலைத் தமிழ்ச் சமய மரபு ஒரே குரலில் பேசவில்லை என்பதே அதன் வளம். திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்துத் தொண்டு செய்த தொண்டரடிப்பொடியாழ்வார், திருமாலையில் காவிரியைக் கங்கையினும் புனிதமானதாகப் போற்றுகிறார். திருநாவுக்கரசரோ, எங்கும் இறைவன் உளன் என உணராதவர் கங்கையில் ஆடினாலும் காவிரியில் ஆடினாலும் பயன் இல்லை என்கிறார். இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஆழ்வார் அரங்கன் பள்ளிகொண்ட இடம் என்பதால் ஆற்றைப் போற்றுகிறார். நாவுக்கரசர் இறைவனை மறந்து ஆற்றை மட்டும் பற்றுவதைக் கண்டிக்கிறார். காலத் தூய்மையும் இவ்வாறே அருளுக்கு அடங்கியது. மயிலாடுதுறையில் ஐப்பசியின் இறுதி நாளான கடைமுகத்துக்கு வந்துசேர இயலாத முடவன் ஒருவனுக்காகக் கார்த்திகை முதல் நாளிலும் அதே பயன் அருளப்பட்டது என்பதன் நினைவாகவே முடவன் முழுக்கு நிகழ்கிறது.

எல்லாவற்றினும் கூர்மையான விடையை வைணவ ஆசாரியரான இராமானுசர் தம் நடையால் அளித்தார். காவிரிக்கு நீராடச் செல்கையில் அந்தணராகிய முதலியாண்டானின் கையையும், நீராடித் திரும்புகையில் உறையூர் மல்லராகிய உறங்காவில்லி தாசரின் கையையும் அவர் பற்றிக்கொண்டார் என்று குருபரம்பரை மரபு கூறுகிறது. பிறப்பால் தாழ்ந்தவராகக் கருதப்பட்டவரை நீராடிய பின் தீண்டலாமா எனச் சீடர்கள் கலங்கியபோது, செருக்கு அற்றவர் உறங்காவில்லி என்பதையே அவர் காரணமாகக் காட்டினார். பிணிகளுள் பெரிது செருக்கு. அது ஆற்றில் கரைவதில்லை, மற்றொரு மனிதரின் கையைப் பற்றும்போதுதான் கரைகிறது. படியிறங்கும்போது செய்த சங்கற்பம் பலித்ததா என்பது படியேறி வந்த பின் ஒருவர் அடுத்தவரை எப்படி நடத்துகிறார் என்பதில் தெரிந்துவிடும்.

இப்பொருளை விட்டுவிட்டுச் செயலை மட்டும் பற்றிக்கொண்டதன் விளைவைப் படித்துறைகளில் காணலாம். பரிகாரம் என்ற பெயரில் உடுத்திய வேட்டியையும் புடவையையும் ஆற்றிலேயே அவிழ்த்து விடுகிறார்கள். அவை படிகளில் சிக்கி அழுகுகின்றன, துப்புரவுப் பணியாளர்கள் இடுப்பளவு நீரில் நின்று அவற்றை இழுத்துப் போடுகிறார்கள். தம் வினையைப் பிறர் கையில் சுமத்துவது எந்தச் சாத்திரப்படியும் வினை தீர்த்தல் ஆகாது. நீராட வருவோர் நனைந்த துணியைப் பிழிந்து கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.