வாசலில் கையேந்தி நிற்பது யார்?

நவராத்திரி வந்துவிட்டால், தூத்துக்குடி மில்லர்புரம் போன்ற பகுதிகளில் வாசலில் மேளச் சத்தம் கேட்கும். எட்டிப் பார்த்தால்... சடைமுடியும் கோரைப்பல்லுமாகக் காளி நிற்பாள்! பக்கத்தில் ஒரு குரங்கு, ஒரு கரடி, ஒரு ராஜா, ஒரு போலீஸ்காரர். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மனுக்கு மாலை போட்டு, காணிக்கை கேட்டு வரும் பக்தர்கள் இவர்கள்.

திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரத்தில் இருக்கிறது குலசை. ஞானமூர்த்தீஸ்வரரும் முத்தாரம்மனும் இங்கே அருகருகே அமர்ந்து அருள்பாலிக்கிறார்கள். அம்மை முத்துகளை ஆற்றுபவள் 'முத்தாற்று அம்மன்'. அதுவே முத்தாரம்மன் ஆனது என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். தசரா திருவிழாவுக்குக் கொடியேறியதும் பக்தர்கள் காப்புக் கட்டி, வேடம் தரித்து, ஊர் ஊராக யாசகம் பெறுகிறார்கள். சேர்ந்த காணிக்கையைச் சந்நிதியில் செலுத்துகிறார்கள். விஜயதசமி இரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். காளி வேடம் போடுபவர்களுக்கு விரதம் மிகக் கடுமை. 48 நாட்கள் விரதம் இருப்பவர்களும் உண்டு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். வேடமிட்டு வருபவர்களில் கடை வைத்திருப்பவர் உண்டு. நல்ல உத்தியோகத்தில் இருப்பவரும் உண்டு. சொந்தப் பணத்தையே உண்டியலில் போட்டுவிடலாமே! ஊரார் கொடுத்த காசு எப்படி இவருடைய காணிக்கையாகும்?

மாரியம்மனுக்கு மடிப்பிச்சை எடுத்த சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள், பதில் சொல்வார்கள். வீட்டில் மூட்டை அரிசி இருந்தாலும், பக்கத்து வீட்டு வாசலில் முந்தானையை ஏந்தும்போது உடம்பே கூசிப்போகும். அந்தக் கூச்சத்தில் கரைவது 'நான்' என்ற எண்ணம். அம்பாள் கேட்பது அதைத்தான். நம் பணத்தைக் கொடுத்தால், 'நான் கொடுத்தேன்' என்ற நினைப்பு பின்னாலேயே வந்துவிடும். பிறர் கொடுத்ததைச் சேர்க்கும்போது அதற்கு இடமே இல்லை. பிட்சாடனராக ஈசனே ஓடேந்தி வந்தார் என்றுதானே புராணம் சொல்கிறது!

ஆனால், கையேந்துவதன் வேதனை சாதாரணமானதல்ல. திருக்குறளில் 'இரவு' என்ற அதிகாரத்தை அடுத்து 'இரவச்சம்' என்று ஒன்று வருகிறது. பிறரிடம் கேட்பதற்கு அஞ்ச வேண்டும் என்பதற்காகவே பத்துக் குறட்பாக்கள்! விரதக்காரருக்கு அந்த வேதனை பத்து நாள். காப்பை அவிழ்த்ததும் அவர் தன் வீட்டுக்குப் போய்விடுவார். போக வீடே இல்லாதவருக்கு?

நம் மனசாட்சியைத் தொடும் இடம் இதுதான் சகோதரி! குலசை பக்தர்களில் சிலர் பிச்சைக்காரர் வேடமே போடுவதுண்டு. கிழிந்த துணியும் கையில் திருவோடுமாக அவர் வந்தால், தட்டில் காசு வைத்துக் கும்பிட்டுக் கொடுக்கிறோம். அதே கோலத்தில், வேடமில்லாத ஒரு முதியவர் மறுவாரம் வந்தால்? "சில்லறை இல்லை, போப்பா" என்று கதவைச் சாத்துகிறோம். பசி நிஜமாக இருப்பதுதான் அவர் செய்த குற்றமா?

கேட்பவருக்கெல்லாம் கொடுக்க நம்மால் முடியாதுதான். ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். பணம் தர மனமில்லையென்றால் ஒரு பிடி சோறு தரலாம், ஒரு சொம்புத் தண்ணீர் தரலாம். அதுவும் இயலாதபோது, முகம் சுளிக்காமல் "இன்னிக்கு இல்லைய்யா" என்றாவது சொல்லலாம்.

இந்த நவராத்திரியில் காளிக்குக் காணிக்கை கொடுக்கும்போது, வேடமில்லாமல் வருபவருக்கும் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். முத்தாரம்மன் உங்கள் குடும்பத்தைக் குளிர்ச்சியாக வைத்திருப்பாள்!