தேடுகிறவர் யார்? அகப்படுகிறவர் யார்?

போன வருசம் அம்மா சொன்னதை எழுதினேன். பெரிய இலக்கியம் ஒண்ணுமில்லை. எங்க ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர் இருந்தது. குடித்தவரே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ஒருநாள் அம்மா அந்த டம்ளரைக் கழுவாமல் வைத்துவிட்டு வந்திடுச்சு. அதுக்காக அப்பாவை மூணு மாசம் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. இவ்வளவுதான் கதை. ஊர்ப் பெயர், தெருப் பெயர், அம்மா பெயர் எல்லாம் போட்டு எழுதினேன். சாட்சியம் என்றால் பெயர் வேண்டாமா? சிறுபத்திரிகையில் போட்டால் முந்நூறு பேர் படிப்பார்கள், இணையத்தில் ஏற்றினால் உலகமே பார்க்கும் என்று கணினி தெரிந்த தம்பி ஒருவன் சொன்னான். ஏற்றினேன்.

உலகம் பார்க்கவில்லை. தேடுபொறியில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடினேன். கோயில் திருவிழா வந்தது, பஸ் நேரம் வந்தது, பின்கோடு வந்தது, மனை விற்பனை வந்தது. அம்மா வரவில்லை. நான் எழுதிய வாக்கியத்தையே மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லை என்றது. "என்னாடா, ஒலகம் பாத்துச்சா?" என்று அம்மா கேட்டுச்சு. என்ன பதில் சொல்ல?

அது எப்படி வேலை செய்கிறது என்று பிறகு அந்தத் தம்பிதான் விளக்கினான். நாம் கேட்கும் நிமிடத்தில் அது உலகமெல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு வருவதில்லை. முன்கூட்டியே சுற்றிவந்து, கண்டதை வாசித்து, தன் ஏட்டில் பதிந்து வைத்திருக்கிறது. நாம் கேட்கும்போது அந்த ஏட்டைத்தான் புரட்டுகிறது. ஏட்டில் இல்லாதது அதற்கு இல்லை. சுற்றும்போது எந்த வழியாகப் போகிறது? ஏற்கெனவே தெரிந்த பக்கத்தில் யாராவது சுட்டி கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறது. சுட்டிதான் பாதை. ஊரிலிருந்து பாதை போடாத காலனிக்குத் தபால்காரர் வராத கதைதான் இது.

மனுப் போடவும் வழி இருக்கிறது. நம்மிடம் உள்ள பக்கங்களைப் பட்டியலிட்டுத் தேடுபொறியிடம் கொடுக்கலாம். 2005இல் கூகுள் கொண்டுவந்த முறை இது. மறு ஆண்டு யாகூவும் மைக்ரோசாப்டும் ஏற்றுக்கொண்டன. யார் வேண்டுமானாலும் ஒரு முகவரியைப் போட்டுவிட்டுப் போகலாம் என்றிருந்த பொதுப் படிவத்தைக் கூகுள் 2018இல் மூடிவிட்டது. இப்போது தளம் உன்னுடையதுதான் என்று நிரூபித்த பிறகே மனு. போட்டாலும் பதிவோம் என்ற உறுதி கிடையாது. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தாலுகா ஆபீசில் பட்டாவுக்கு நின்ற சனத்துக்கு இது புதுசா என்ன?

ஏட்டில் பதிந்துவிட்டால் மட்டும் போதாது. முன்வரிசையில் யாரை உட்காரவைப்பது? இங்கேதான் தத்துவம் வருகிறது. 1998இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரண்டு ஸ்டான்போர்டு மாணவர்கள் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். ஒரு ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்களோ அந்த அளவுக்கு அதற்கு மதிப்பு என்று கல்வி உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைச் சுட்டினால் அது ஒரு ஓட்டு மாதிரி. ஆனால் எல்லா ஓட்டும் சமம் அல்ல. ஏற்கெனவே பலரால் சுட்டப்பட்ட பக்கம் சுட்டினால் அந்த ஓட்டுக்கு எடை அதிகம். யாரும் சுட்டாத பக்கத்தின் ஓட்டு பதர். இன்றைக்குத் தேடுபொறிகள் இன்னும் பலவற்றையும் சேர்த்துத்தான் வரிசை போடுகின்றன. என்றாலும் அடித்தளத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது.

1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒரு ஓட்டுக்கு ஒரு மதிப்பு என்று ஏற்கப்போகிறோம், சமூக வாழ்விலோ அந்தச் சம மதிப்பை மறுத்துக்கொண்டே இருக்கப்போகிறோம் என்று எச்சரித்தார். தேடுபொறியின் கணக்கில் இந்த முரண்பாடுகூட இல்லை. பெரிய மனிதர் கை காட்டினால் அது பெரிய ஓட்டு என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். யாரும் சாதி பார்த்து இந்தக் கணக்கைப் போடவில்லை என்பது உண்மை. கணக்குப் போட்டவருக்குச் சாதி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். ஆனால் யார் யாரைச் சுட்டுவது என்பதில் சாதி இருக்கிறதே! சமூகம் போட்ட ஓட்டைத்தான் பொறி எண்ணுகிறது.

இது கணினி வந்த பிறகு வந்த நோய் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, பிறகு 'தமிழன்' என்று பெயர் மாற்றி, 1914இல் மறையும்வரை நடத்தினார். வரலாறு, மொழி, மதம், மருத்துவம், அரசியல் என்று அவர் எழுதாததே இல்லை. ஆனால் பிற்பாடு தமிழ்ப் பத்திரிகை வரலாறும் சிந்தனை வரலாறும் எழுதியவர்களில் எத்தனை பேர் அவரை மேற்கோள் காட்டினார்கள்? சுட்டாததால் அவர் இல்லாமல் ஆக்கப்பட்டார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பிறகுதான் பலருக்கு அவர் 'அகப்பட்டார்'. அவர் எழுதியது மாறவில்லை; சுட்டுவதற்கு ஆள் வந்தது. 1869 முதல் 1943 வரை வந்த தலித் இதழ்களை ஜெ. பாலசுப்பிரமணியம் தேடித் தொகுத்து எழுதியதும் அப்படிப்பட்ட வேலைதான்.

இன்னொரு சிக்கல் சொல்லில் இருக்கிறது. 'தேடுகிறவன் எந்தச் சொல்லை அடிப்பானோ அந்தச் சொல்லைத் தலைப்பில் வை' என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். சாதாரண விஷயத்தில் இதில் தப்பில்லை. 1968 டிசம்பர் 25இல் 44 பேரை எரித்துக் கொன்ற ஊரைச் சிலர் வெண்மணி என்கிறார்கள், சிலர் கீழ்வெண்மணி, சிலர் கீழவெண்மணி. மூன்றையும் கட்டுரைக்குள் எழுதிவைத்தால் மூன்று பேருக்கும் அகப்படும். பழைய எழுத்துருவில் அடித்ததை ஒருங்குறிக்கு மாற்றினால்தான் அது தமிழ் என்றே பொறிக்குத் தெரியும். இதெல்லாம் செய்ய வேண்டிய வேலை, செய்வோம்.

ஆனால் நம்மைத் தேடுகிறவன் வாயில் இருப்பது எந்தச் சொல்? சஃபியா நோபல் என்ற கறுப்பினப் பேராசிரியர் 2018இல் வெளியிட்ட நூலில் தன் அனுபவத்தைச் சொல்கிறார்: கறுப்பினச் சிறுமிகள் என்று தேடினால் ஒரு காலத்தில் முதலில் வந்து நின்றது ஆபாசப் பக்கங்கள். பிறகு அதை மாற்றினார்கள். பிறர் நம்மைப் பற்றித் தேடும் சொல்லுக்குள் நாம் போய் உட்கார வேண்டுமா? ஊர்க்காரன் கூப்பிட்ட சொல்லை நாமே தலைப்பாக்க வேண்டுமா? இரட்டைமலை சீனிவாசனும் அந்தப் பெயரைத்தானே வைத்தார் என்று கேட்கலாம். வைத்தார். அது அவர் எடுத்த முடிவு, நிமிர்ந்து நின்று எடுத்த முடிவு. நாலு பேர் கூடப் பார்க்கட்டும் என்று வைப்பது அதுவாகாது.

இனி என் கதைக்கு வருகிறேன். கல்லூரி ஆசிரியர் ஒருவர் தம் கட்டுரையில் அம்மாவின் சாட்சியத்தைக் குறிப்பிட்டுச் சுட்டி கொடுத்தார். அப்புறம் பொறி வந்தது, பதிந்தது. ஊர்ப் பெயரைத் தேடினால் திருவிழாவுக்குக் கீழே அம்மா வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபது நாள் இருக்கும். அம்மா ரேஷன் கடை வரிசையில் நின்றிருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் அறுப்புக்குப் போன வீட்டுப் பெரியவர் எல்லார் முன்னாலும், "ஒம் மவன் நம்மூர நாறடிச்சி எழுதியிருக்கானாமே" என்று கேட்டிருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கும் அவர் பிள்ளை சொந்த ஊர்ப் பெயரைத் தேடியிருக்கிறான். அம்மா அகப்பட்டுவிட்டது. அவர்கள் யார் பெயரையும் நான் எழுதவில்லை. ஆனால் அம்மா பெயர் இருந்ததே.

அகப்படுவது என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். தேடிய பொருள் கிடைப்பதும் அகப்படுவதுதான், துரத்தியவன் கையில் மாட்டுவதும் அகப்படுவதுதான். நான் முதல் அர்த்தத்தை மட்டும் யோசித்தேன். வீட்டு ஓனர் சாதி கேட்பார் என்று பெயரையே மறைத்து நகரத்தில் குடியிருக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் எழுதிய ஒரு வரி அவர்கள் பெயரோடு அகப்பட்டால் என்ன ஆகும்? பொறிக்கு வாசகன் யார், வேட்டைக்காரன் யார் என்று தெரியாது. இரண்டு பேருக்கும் ஒரே பட்டியலைத்தான் நீட்டும்.

எனவே இது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அல்ல. யாருடைய அனுபவத்தை யார் வெளிச்சத்தில் வைப்பது? அதற்கு விலை கொடுப்பது யார்? நான் எழுதினேன், பாராட்டு எனக்கு வந்தது. வரிசையில் நின்று பேச்சு வாங்கியது அம்மா.

மொத்தத்தையும் எடுத்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு எடுக்கற? நான் என்ன பொய்யா சொன்னேன்? டம்ளரு கழுவாம வச்சவ நானு. எம் பேரு இருக்கட்டும். ஆனா அந்தத் தெருவுல இன்னும் ஒஞ் சித்தி இருக்கா, அவ புள்ளைங்க அவங்க நெலத்துலதான் வேலைக்குப் போவுது. அவளக் கேட்டியா?" என்றது. கேட்கவில்லை. சித்தியைக் கேட்டேன். வேண்டாம் என்றது. ஊர்ப் பெயரையும் தெருப் பெயரையும் எடுத்தேன். எடுத்த பிறகும் சில நாள் பழைய வரியே தேடலில் நின்றது. பிறகு மறைந்தது. இப்போது ஊர்ப் பெயரைத் தேடினால் திருவிழாவும் மனை விற்பனையும்தான் வருகின்றன. டம்ளர் இல்லாத ஊராக அது மறுபடியும் ஆகிவிட்டது. இந்த இழப்பு எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் சித்தி சொன்னதுதான் சரி.

தேடலில் வராமல் ஒரு பக்கத்தை வைத்திருக்கவும் முடியும். பதியாதே என்று பக்கத்துக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதிவைத்தால் பெரிய தேடுபொறிகள் மதிக்கின்றன. அது வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. முகவரி தெரிந்தவர் யாரும் வரலாம். சில சாட்சியங்களை அப்படி வைத்து, கைக்குக் கை கொடுத்துப் படிக்கலாம். துண்டுப் பிரசுரத்தையும் உருட்டச்சுப் பத்திரிகையையும் அப்படித்தானே படித்தோம்?

வெளியே வரத் துணிந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது வேறு. காசு வாங்கிக்கொண்டு முதல் பக்கத்தில் நிறுத்துகிறேன் என்கிறவனிடம் போக வேண்டாம். அவன் தருவது விலைக்கு வாங்கிய ஓட்டு. கண்டுபிடித்தால் பொறியே தள்ளிவைத்துவிடும். நமக்கு இருப்பது நம் விரல். பேராசிரியராக, பத்திரிகையாளராக, பெயர் பெற்ற எழுத்தாளராக ஏற்கெனவே அகப்பட்டவர்கள் எத்தனை பேர் புதிதாக எழுதவந்த ஒரு காலனிப் பெண்ணின் கட்டுரையை, பெயர் சொல்லி, இடம் சொல்லிச் சுட்டுகிறோம்? 'ஒரு தலித் பெண் எழுதியதுபோல' என்று பெயரை விழுங்கிவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிற பழக்கம் நம்மவர்களிடமும் இருக்கிறது. அயோத்திதாசரை மறைத்தவர்களைத் திட்டுகிற நாமே இதைச் செய்கிறோம். சுட்டுவது தயவு அல்ல, கடன்.

சுட்டுவதற்கு முன்னால் கேட்பதும் கடன்தான். எழுதியவரை மட்டும் கேட்டால் போதுமா, எழுத்துக்குள் இருப்பவர்களையும் கேட்க வேண்டுமா? ஒருவர் ஆம் என்றும் ஒருவர் வேண்டாம் என்றும் சொன்னால் யார் சொல் நிற்கும்? எங்கள் வீட்டில் அங்கேயே குடியிருக்கிற சித்தியின் சொல் நின்றது. எல்லா வீட்டுக்கும் அது பொருந்துமா என்பதைத் தோழர்கள் பேச வேண்டும், எழுத வேண்டும். அம்மா இப்போது அடுத்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. "இத எழுதறதுக்கு முன்னாடி நாலு பேரக் கேளு" என்று பெயர்களையும் சொல்லியிருக்கிறது. இரண்டு பேரைக் கேட்டாயிற்று.